தகுதிச் சோதனையில் காரின் பிரேக்: எதைப் பார்க்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள்

ஒரு காரின் பிரேக் கெட்டுக்கொண்டு வருவதை, அதை நாள்தோறும் ஓட்டுபவரே பெரும்பாலும் கடைசியாகத்தான் உணர்கிறார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் பேட் தேய்வதும், அந்தப் பேட்டை அழுத்தும் கேலிப்பர் இறுகுவதும், பிரேக் ஆயிலில் ஈரம் ஏறுவதும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுக நடப்பவை. காலும் அதற்கேற்பச் சற்றுக் கூடுதலாக அழுத்தப் பழகிவிடுகிறது. அன்றாட ஓட்டத்தில் பெடலை மென்மையாகவே மிதிக்கிறோம் என்பதால், நான்கு சக்கரங்களில் ஒன்று தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலும் மற்ற மூன்றும் அந்தக் குறையை மறைத்துவிடும். மழை நாளில், நல்ல வேகத்தில், திடீரென்று அழுத்த நேரும்போதுதான் வண்டி ஒரு பக்கமாக இழுத்து அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே தகுதிச் சோதனையில் வண்டி நிற்கிறது என்பதோடு சோதகர் திருப்தி அடைவதில்லை. ஒவ்வொரு சக்கரமும் தன் பங்கைச் செலுத்துகிறதா என்று தனித்தனியாக அளந்து பார்க்கிறார்.

அந்தச் சோதனை வழக்கமாக நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். வண்டியைக் கொண்டுபோவதற்கு முன் நீங்களே செய்து பார்க்கக்கூடியவற்றை அந்தந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன். பொதுவாகச் சோதனையின்போது எந்தப் பாகத்தையும் கழற்றுவதில்லை. கண்ணால் பார்ப்பது, பெடலை அழுத்திப் பார்ப்பது, கருவியில் அளப்பது என்ற மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் முடிவு எடுக்கப்படுகிறது.

பெடலிலிருந்து தொடங்குதல்

சோதகர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் முதலில் பார்ப்பது பெடலின் ரப்பரை. அது தேய்ந்து வழவழப்பாகி இருந்தால், ஈரக் காலணியோடு அழுத்தும்போது கால் நழுவும் என்பதால் அதையே ஒரு குறையாகக் குறித்துக்கொள்வார். பெடல் பக்கவாட்டில் ஆடுகிறதா, விட்டதும் தடையின்றி மேலே வருகிறதா என்பதையும் பார்ப்பார்.

அடுத்தது, வெற்றிடத்தின் உதவியால் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டிப்படும் வரை ஐந்தாறு முறை அழுத்தி விட வேண்டும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் அதற்குள் தீர்ந்துவிடும். பிறகு பெடலை மிதமாக அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினைக் கிளப்பினால், பெடல் காலுக்கடியில் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். அசையாமல் அப்படியே நின்றால், பூஸ்டரிலோ அதற்கு வெற்றிடம் கொண்டுவரும் குழாயிலோ ஒருவழி வால்விலோ கோளாறு இருக்கிறது. வால்வைத் தனியாகச் சோதிக்க விரும்பினால், இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடங்கள் கழித்துப் பெடலை அழுத்திப் பாருங்கள். முதல் ஓரிரு அழுத்தங்களுக்காவது பூஸ்டரின் உதவி கிடைக்க வேண்டும்.

இதே இருக்கையில் இருந்தபடி செய்யப்படும் இன்னொரு சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே சீரான அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பெடல் நின்ற இடத்தில் நின்றால் நல்லது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ அழுத்தம் கசிகிறது. வெளியே எங்கும் ஆயில் ஒழுகாமலே இது நடக்கலாம். பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டால், ஆயில் அந்தக் கப்பைத் தாண்டி மறுபடியும் ஆயில் தொட்டிக்கே திரும்பிவிடும். தொட்டியில் அளவு குறையாது, தரையில் சொட்டும் இருக்காது, வேகமாக மிதித்தால் பெடலும் கெட்டியாகவே இருக்கும். பொறுமையாகப் பிடித்துப் பார்ப்பவருக்கு மட்டுமே இந்தக் கோளாறு அகப்படும். பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை அழுத்தியதும் கெட்டிப்பட்டால் அது வேறு கதை: குழாய்களில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கலாம்.

எச்சரிக்கை விளக்குகளும் இங்கேயே பார்க்கப்படுகின்றன. சாவியைத் திருப்பியதும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கும் சிவப்பு நிறப் பிரேக் விளக்கும் எரிந்து, சோதனை முடிந்ததும் அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் அதை விடுவித்த பிறகு சிவப்பு விளக்கு அணையும். அணையாமல் எரிவது குறை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொடக்கத்தில் எரியவே எரியாத விளக்கும் அதே அளவுக்குக் குறைதான். எச்சரிக்க வேண்டிய நேரத்தில் அது எச்சரிக்கப் போவதில்லை.

பிரேக் ஆயில்

தொட்டியில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே போய்விட்டதென்று சோதனைக்கு முந்தைய நாள் அவசரமாக ஊற்றி நிரப்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேட் தேயத் தேய கேலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அளவு குறைந்திருப்பது பெரும்பாலும் பேட் தேய்ந்ததையோ, எங்கோ ஒழுகுவதையோ சொல்கிற செய்தி. காரணத்தைத் தேடாமல் நிரப்புவது அந்தச் செய்தியை அழிப்பதற்குச் சமம்.

கிளைகால் அடிப்படையிலான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 (டாட் என்பது ஆயிலின் தரக் குறியீடு) வகை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. டாட் 4 வகைக்கு இந்த வரம்புகள் 230 மற்றும் 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கேலிப்பர் இந்த வெப்பத்தை எட்டினால் ஆயில் ஆவியாகும். ஆவி அமுங்கக்கூடியது என்பதால் பெடல் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாது. நிறத்தை வைத்து மட்டும் ஆயிலின் நிலையைக் கணிக்க முடியாது. ஈரத்தை அளக்கும் சிறு கருவியோ, கொதிநிலையை நேரடியாக அளக்கும் கருவியோதான் நம்பத்தக்கது. வண்டியோடு வந்த கையேடு சொல்லும் கால இடைவெளியில் ஆயிலை மாற்றிவிடுவதே எளிய வழி. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள். இன்ஜின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் ஒரு துளி கூட உள்ளே போகக்கூடாது. அது ரப்பர் பாகங்கள் அனைத்தையும் ஊதிப் பெருக்கச் செய்துவிடும்.

வண்டிக்கு அடியில்

வண்டியை லிஃப்டில் ஏற்றிய பிறகு சோதகர் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒவ்வொரு சக்கரம் வரை இரும்புக் குழாய்களைக் கண்ணால் தொடர்ந்து செல்கிறார். மேலோட்டமான துருவும் குழாயின் சுவரையே அரித்த துருவும் வேறு வேறு; மேலே படிந்திருக்கும் சேற்றைச் சுரண்டிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் கழன்று, குழாய் அதிர்ந்து வேறு பாகத்தில் உராய்கிறதா என்பதும் முக்கியம்.

ரப்பர் ஹோஸ் பகுதியில் இன்னும் கவனமாக நிற்பார்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை வலுவாக அழுத்திப் பிடிக்க, சோதகர் ஹோஸின் மேல் விரல்களை லேசாக வைத்திருப்பார். நல்ல ஹோஸ் அழுத்தம் ஏறும்போது சற்று விறைப்பதோடு சரி. உள்ளே நூலிழை அடுக்கு பலவீனப்பட்டிருந்தால், ஓரிடத்தில் மட்டும் ஒரு பாசிமணி அளவுக்குப் புடைப்பு எழும்பி, பெடலை விட்டதும் அடங்கும். அந்த ஹோஸை அன்றே மாற்ற வேண்டும். ஸ்டீயரிங்கை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பி, ஹோஸ் டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசுகிறதா என்றும், வளையும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முறுக்கிக்கொண்ட நிலையில் ஹோஸ் பொருத்தப்பட்டிருந்தால் அதுவும் குறைதான்.

டிரம் பிரேக் உள்ள பின்சக்கரங்களில், டயரின் உட்பக்கச் சுவரையும் டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். தூசி ஒட்டிய ஈரக்கறை கீழ்நோக்கி வழிந்திருந்தால், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. ஒழுகிய ஆயில், ஷூவின் உராயும் பட்டையான லைனிங்கில் ஊறியிருந்தால் சிலிண்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்த அச்சில் இரு பக்கத்து ஷூக்களையும் மாற்றியாக வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் பேட்டின் கனத்தைச் சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் பலர். அங்கே தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். கேலிப்பர் நகர வழிகொடுக்கும் உலோகத் தண்டு ('பின்') இறுகிவிட்டால் உட்பக்கப் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்து, வெளிப்பேட் பாதிக்கு மேல் இருக்கும்போதே உட்பேட் இரும்புத் தகடு வரை போய்விடக்கூடும். ஆகவே அடியிலிருந்து உட்பக்கத்தைப் பார்த்த பின்பே கனத்தைப் பற்றிப் பேச வேண்டும். டிஸ்கின் குறைந்தபட்சக் கனம் அனேகமாக டிஸ்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அளக்கும்போது ஒரு தவறு நேர்கிறது: தேயாமல் எஞ்சிய வெளிவரம்பின் மேல் அளவுகோலை வைத்துவிட்டால் உண்மையை விட அதிகக் கனம் காட்டும். பேட் உராயும் பரப்பின் நடுவில், பல இடங்களில், மைக்ரோமீட்டரால் அளப்பதே சரி.

ரோலர் சோதனை

சோதனையின் இதயம் இதுதான். தரையில் பதித்த இரண்டு ஜோடி ரோலர்களின் மேல் ஓர் அச்சின் இரு சக்கரங்களும் அமரும்படி வண்டி நிறுத்தப்படுகிறது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். மோட்டார் ரோலர்களைச் சுழற்ற, ரோலர்கள் சக்கரங்களை மணிக்குச் சில கிலோமீட்டர் என்ற மிகக் குறைந்த வேகத்தில் சுழற்றுகின்றன. பெடலை அழுத்தியதும் சக்கரம் ரோலரை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு விசையைக் கருவி இடம், வலம் எனத் தனித்தனியாகக் காட்டுகிறது. இரண்டு பெரிய ரோலர்களுக்கு நடுவில் டயரைத் தொட்டபடி ஒரு சிறிய ரோலர் இருக்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கியதை அது உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடுவதால் டயர் பழுதாவதில்லை.

இங்கே வருவதற்கு முன் டயர்களில் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் அழுத்தம் மாறுபட்டால் அளவும் மாறுபடும். பல நாள் நின்ற வண்டியென்றால், பாதுகாப்பான சாலையில் சில முறை மிதமாகப் பிரேக் பிடித்து டிஸ்கின் மேல் படிந்த துருவை நீக்கிவிட்டு வருவது நல்லது.

நல்ல சோதகர் பெடலை எடுத்த எடுப்பில் அழுத்த மாட்டார். முதலில் பெடலைத் தொடாமலே சக்கரங்களைச் சுழலவிட்டு, இரு பக்க எண்களையும் பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் குறிப்பிடத்தக்க விசை காட்டினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் உராய்ந்துகொண்டிருக்கிறது. பிறகு மெல்ல அழுத்தும்போது, இரு பக்க விசையையும் காட்டும் கருவியின் இரண்டு முட்களும் சேர்ந்து ஏற வேண்டும். ஒன்று முன்னே ஓட, மற்றது தாமதமாகப் புறப்பட்டால் அதைக் குறித்துக்கொள்வார். பாதி அழுத்தத்தில் காலை அசைக்காமல் நிறுத்துவார். அப்போது முள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கினால், டிஸ்கின் கனம் சீராக இல்லை அல்லது டிரம் வட்டம் பிசகியிருக்கிறது. அதற்குப் பிறகே முழு அழுத்தம். கடைசியாகப் பெடலை விட்டதும் இரு முட்களும் உடனே கீழே வருகின்றனவா என்பதைக் கவனிப்பார். ஒன்று மட்டும் தயங்கி இறங்கினால், பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது ஹோஸின் உட்சுவர் வீங்கி ஆயில் திரும்பும் வழியை அடைத்திருக்கலாம்.

எண்களை எப்படிப் படிப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். வண்டியின் நிறை 1,200 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 11,770 நியூட்டன். முன் இடது 2,400, முன் வலது 2,250, பின் இடது 1,300, பின் வலது 1,200 நியூட்டன் என்று வந்தால் மொத்தம் 7,150. இதை எடையால் வகுத்தால் பிரேக்கின் திறன் ஏறத்தாழ 61 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 2012 ஜனவரி 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பதிவான கார்களுக்கு 58 சதவீதமும் அதற்கு முந்தையவற்றுக்கு 50 சதவீதமும் தேவை. மற்ற இடங்களில் வரம்பு மாறலாம். கணக்கிடும் முறை இதுவே.

இப்போது இன்னொரு வண்டி. அதே நிறை, பின்சக்கரங்களில் அதே அளவு. முன் இடது 2,900, முன் வலது 1,900. மொத்தம் 7,300 என்பதால் திறன் 62 சதவீதம், அதாவது முதல் வண்டியை விடக் கூடுதல். ஆனாலும் இது தேறாது. ஒரே அச்சில் குறைந்த விசை, அதிக விசையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது அதே நெறிமுறையின் விதி. இங்கே அது 66 சதவீதத்தைக் கூட எட்டவில்லை. கடுமையாக அழுத்தினால் இந்த வண்டி வலுவாகப் பிடிக்கும் இடது பக்கமே இழுக்கும். எனக்கு இது ஏட்டுக் கணக்காகத் தோன்றுவதில்லை. ஏறத்தாழ இதே அளவில் சமமின்றி வந்த ஒரு காருக்கு முன்பக்கம் இரண்டு பேட்டுகளையும் புதிதாக மாற்றியும் எண்கள் மாறாததைப் பார்த்திருக்கிறேன். வலது கேலிப்பர் நகர வழிகொடுக்கும் தண்டைக் கையால் அசைக்க முயன்றபோதுதான் அது துருப்பிடித்து அசையாமல் கிடந்தது தெரிந்தது. அதைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் இட்டுப் பொருத்திய பிறகு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்தன.

நான்கு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதில் இன்னொரு பயன் உண்டு. முன்சக்கர இயக்கமுள்ள பல கார்களில் பிரேக் ஆயில் செல்லும் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும்: முன் இடதோடு பின் வலது, முன் வலதோடு பின் இடது. இப்படிக் குறுக்காக அமைந்த இரு சக்கரங்களும் சேர்ந்து குறைந்தால், சக்கரத்தில் தேடுவதை விட்டு மாஸ்டர் சிலிண்டரின் அந்தச் சுற்றைப் பார்க்க வேண்டும். முழு அழுத்தத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு ரோலர் நின்றுவிட்டால் பதற வேண்டாம். பிரேக்கின் வலு டயரின் பிடிப்பை மிஞ்சிவிட்டது என்பதே அதன் பொருள், மதிப்பிடும்போது அதுவும் கணக்கில் கொள்ளப்படும்.

ஹேண்ட் பிரேக்

பின்சக்கரங்கள் ரோலரில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கும் அளக்கப்படுகிறது. அதே ஐரோப்பிய நெறிமுறையில் இதற்குத் தேவை 16 சதவீதம். நம் 1,200 கிலோ வண்டியில் இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,880 நியூட்டன். நெம்புகோலை மெதுவாக, பொத்தானை அழுத்தாமல் இழுத்து, எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். கோடி வரை வந்த பின்பே பிடித்தால் அது குறை. இதற்குப் பலர் செய்யும் வைத்தியம் கேபிளை முறுக்கி இழுத்துவிடுவது. டிரம் பிரேக்கில் முதலில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகே கேபிளைத் தொட வேண்டும்; இல்லாவிட்டால் ஷூ எப்போதும் பாதி இழுபட்ட நிலையில் நின்று, தானாகச் சரிசெய்யும் அமைப்பும் வேலை செய்யாமல் போகும். மின்னணு ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் ரோலர் சோதனைக்கென்று தனி முறை இருக்கக்கூடும் என்பதால் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

ரோலரில் ஏற்ற முடியாத வண்டிகள்

நிரந்தர நான்கு சக்கர இயக்கமுள்ள சில வண்டிகளை ஓர் அச்சு மட்டும் சுழலும் சாதாரண ரோலரில் வைத்தால் இயக்க அமைப்பு பழுதாகும். வண்டியில் இந்த அமைப்பு இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே சோதகரிடம் சொல்லிவிடுங்கள். அத்தகைய வண்டிகளுக்கு, உள்ளே வேகக்குறைப்பை அளக்கும் கருவியை வைத்துச் சாலையில் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்க்கிறார்கள். அல்லது அளவுத் தட்டுகளின் மேல் மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தச் சொல்கிறார்கள். மின்சார வண்டிகளில் கவனிக்க வேண்டியது டிஸ்கின் துரு. பேட்டரியை நிரப்பும் பிரேக்கே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால், உராயும் பிரேக் பயன்படாமல் கிடந்து டிஸ்கின் முகம் அரித்துப் போகிறது. வண்டி புத்தம்புதிது போல இருந்தும் பின்சக்கர எண்கள் குறைவாக வருவதற்கு இது ஒரு காரணம்.

தேறாவிட்டால்

நான்கு சக்கரங்களின் எண்கள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'பிரேக் சரியில்லை' என்ற ஒற்றை வரியை வைத்துப் பழுதுபார்ப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். எண்கள் இருந்தால் எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது அவருக்கு உடனே தெரியும். பேட், ஷூ, டிஸ்க் எதை மாற்றினாலும் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிரேக் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதக்கூடாது, பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரப்படுத்தித் துடைப்பதே முறை. புதிய பேட் பொருத்திய கையோடு மறுசோதனைக்கு ஓடாதீர்கள். பேட்டின் முகம் டிஸ்கோடு படிந்து ஒன்றாகும் வரை முழு விசை வராது என்பதால், போக்குவரத்தில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பல முறை மென்மையாக வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறைக்கும் இடையில் பிரேக் ஆற நேரம் கொடுத்து ஓட்டிவிட்டு, பிறகு கொண்டுபோங்கள். மறுசோதனையில் கிடைக்கும் தாளையும் பழைய தாளோடு சேர்த்து வண்டியின் ஆவணங்களோடு வைத்திருங்கள். அடுத்த சோதனையில் எந்தச் சக்கரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் கண்டுகொள்ளலாம்.